ஒன்பது வருடம் மூடியிருந்த ஜாடி

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
22.1.1993, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் இளவரசனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. என் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கண்ணும் பழையபடியே. நீயும் உன்னோடு உள்ளே இருக்கிற ஐந்து பேரும் நலமாக இருப்பீர்கள் என்று வழக்கம்போல எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்த முறை கை வரவில்லை, நீங்கள் நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். வெளியிலிருந்து ஒரு காகிதம்கூட உள்ளே வரக் கூடாது என்பது உங்கள் விதி, கடிதம் வந்தால் அலுவலகத்து அம்மாள் ஒவ்வொரு பக்கமாகக் கண்ணாடியில் வைத்துப் பிடிப்பார், நீ உள்ளே நின்று படித்துக்கொள்வாய் என்று சொல்லியிருந்தாய். அதனால் ஒரு பக்கத்தில் மட்டும், கரும்பலகையில் எழுதுகிற மாதிரி பெரிதாக எழுதியிருக்கிறேன். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாதே, பக்கம் மாற்றிப் பிடித்துவிடக் கூடாது என்று மேலே எண்ணும் போட்டிருக்கிறேன். பாதியில் அவருக்குக் கை வலித்தாலோ உனக்கு நிற்க முடியாமல் போனாலோ என்ன செய்வது என்பதால் விடையை முதலில் எழுதிவிடுகிறேன், வழிமுறை பின்னால் வரும். கையெழுத்துப் போடு. வெளியிலிருந்து காற்று விட அனுமதி கேட்டு நீங்கள் உள்ளேயே எழுதிய அந்தத் தாளில் மற்ற ஐந்து பேரும் போட்டுவிட்டார்கள், ஆறாவது கையெழுத்து இல்லாமல் குழாயைத் திறக்க மாட்டார்கள், அந்த ஆறாவது நீ. போட்டுவிடு.

ஏன் போட மாட்டேன் என்கிறாய் என்பதை நீ இரண்டு தடவை போனில் சொன்னாய். மூன்று ஏக்கர் கண்ணாடிக்குள் நெல்லும் வாழையும் ஆடும் குளமும் வைத்து, ஆறு பேர் இரண்டு வருடம் வெளிக்காற்று இல்லாமல் வாழ்ந்து காட்டினால்தான் நாளைக்குச் செவ்வாய்க் கிரகத்தில் குடியேறப் போகிறவர்களுக்கு இப்படி ஒரு வீடு கட்டலாம் என்று நம்ப முடியும், நடுவில் காற்று ஊற்றினால் அது சோதனையே இல்லை என்றாய். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதோடு நிறுத்தாமல், 'நம்ம ஜாடி ஒன்பது வருஷம் இருந்ததேப்பா, ஒரு மூச்சு வெளிக்காத்து போகாம இருந்ததே, கொஞ்ச நாள் மங்கும், அப்புறம் தானே சரியாயிடும்' என்று சொன்னாய் பார், அந்த இடத்துக்காகத்தான் இந்தக் கடிதம். இளவரசா, உன் ஒன்பது வயதில் ஏரி மண்ணும் பாசியும் நத்தையும் போட்டு நாம் மெழுகு வைத்த அந்தக் கண்ணாடி ஜாடி மூடியே இருக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் உன் அம்மா அதைத் திறந்து வைத்திருக்கிறாள்.

எப்படித் தெரிந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். அம்மாவுக்கு நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆறாவது நாள். மூக்கில் ஆக்ஸிஜன் மூடி போட்டிருந்தார்கள். உன்னிடமிருந்து போன் வந்ததா என்று கண்ணாலேயே கேட்டாள். அவளுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று, அங்கே காற்று கொஞ்சம் கம்மியாகத்தான் இருக்கிறதாம், மற்றவர்கள் பயப்படுகிறார்களாம், உன் பிள்ளை மட்டும் நம் ஜாடியைச் சொல்லிக்கொண்டு உறுதியாக நிற்கிறானாம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். மூடியைப் பிடுங்கிவிட்டாள். நர்ஸ் ஓடி வந்து திட்டியும் கையை விடவில்லை. 'அய்யோ, அந்த ஜாடிய நம்பிக்கினா அவன் உள்ள குந்திக்கினு இருக்கறான். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான்தாங்க தெறந்து வெப்பேன். வெளக்கு வெக்கற நேரத்துல ஒரு உயிர அடச்சி வெக்கலாமாங்க' என்றாள். இதைச் சொல்லி முடிக்க நான்கு தடவை நிறுத்தினாள். அப்புறம், 'அவனுக்கு எழுதிப் போடுங்க. உங்களுக்கு வெக்கமா இருந்தா என் பேர்ல எழுதிப் போடுங்க' என்றாள். அதற்கு ஐந்தாம் நாள் போய்விட்டாள். எழுதிப் போடுகிறேன் என்று அவளிடம் தலையாட்டினேன், எழுதவில்லை.

காய்ச்சலில் ஏதோ சொல்கிறாள் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், விளக்கு வைக்கிற நேரத்தில் பின்கதவைச் சாத்தி வாசல் கதவைத் திறந்து வைப்பாள், மழையானாலும் கொசுவானாலும் விளக்கு எரிகிற வரைக்கும் அதைச் சாத்த விடமாட்டாள். வெள்ளிக்கிழமைகளில் எனக்குப் பத்தாம் வகுப்புக்குத் தனி வகுப்பு, ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புவேன், நீ விளையாடப் போயிருப்பாய். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் அவளும் ஜாடியும்தான். எப்போது தொடங்கியது என்பதையும் சொன்னாள். ஜாடியை மூடி இரண்டு மாதம் இருக்கும், நத்தைகள் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு அடியில் கிடக்கின்றன என்று நீ சாப்பிடாமல் அழுதாயாம். ஒன்பது வயது உனக்கு. நான், பொறு, உள்ளே இருப்பது உள்ளேயே போதும், இயற்கை தன்னைத்தானே சரி செய்துகொள்ளும் என்று பாடம் நடத்தினேன், எனக்கே அது நினைவிருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை அவள் மெழுகைச் சுரண்டித் திறந்து வைத்து, விளக்கு மலையேறியதும் மெழுகுவத்தியை உருக்கி மூடிவிட்டாள். மறுநாள் காலை நத்தைகள் கண்ணாடியில் ஏறி நின்றன. நீ தெருவெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாய். நான் உன் தோளைத் தட்டி, பார்த்தாயா என்றேன். அவள் அடுப்படியில் இருந்தாள்.

காரியம் முடிந்த பிறகு பரணில் ஏறி ஜாடியை எடுத்தேன். நீ கோவைக்கு விவசாயக் கல்லூரியில் சேரப் போன அன்று உடைத்த மெழுகு மூடியின் விளிம்பில் அப்படியே ஒட்டியிருந்தது. பேனாக்கத்தியால் சுரண்டினேன். நான் ஒரு தடவை வைத்த மெழுகு அவ்வளவு தடிமன் இருக்க நியாயமில்லை, அது படிப்படியாக, மரத்தை அறுத்தால் தெரிகிற வளையம் மாதிரி இருந்தது. அந்தப் படிகளுக்கு நடுவில் அங்கங்கே சிவப்பு. விரலில் தேய்த்துப் பார்த்தேன், குங்குமம். வெள்ளிக்கிழமை பூஜை முடித்த கையோடு மெழுகை அழுத்தியிருக்கிறாள். ஒன்பது வருடம் அந்த ஜாடியை மாவட்டக் கண்காட்சிக்கும் பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கும் தூக்கிக்கொண்டு போய், மூடிய உலகம் தானே வாழும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். நீ அதை உடைத்த அன்று உள்ளே மழை வாசனை வருதுப்பா என்றாய். ஒன்பது வருடம் அடைத்து வைத்த தண்ணீரில் மழை வாசனை வருமா என்று ஒரு அறிவியல் வாத்தியார் கேட்டிருக்க வேண்டாமா. கேட்கவில்லை, சந்தோஷத்தில் இருந்தேன்.

அவள் திறந்தாள் என்பது குங்குமத்தில் தெரிந்துவிட்டது. திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கேள்வி. அதற்கும் விடை இல்லாமல் உனக்கு எழுதினால், அம்மா தெரியாமல் செய்தாள், ஆனால் ஜாடி எப்படியும் வாழ்ந்திருக்கும் என்று நீ பதில் சொல்வாய், உன்னை எனக்குத் தெரியும், அந்தப் பிடிவாதம் என்னிடமிருந்து வந்ததுதான். அதனால் டிசம்பர் ஐந்தாம் தேதி அதே ஜாடியைக் கழுவி, அதே அளவு ஏரி மண், அதே அளவு தண்ணீர், வேலம்பாசி, ஐந்து நத்தை போட்டு மெழுகு வைத்து மூடினேன். கிழக்கு ஜன்னலில், அப்போது வைத்த மாதிரியே. நான்காம் நாள் தீபம் வந்தது. மலையில் ஏற்றியதைத் தெருவில் நின்று பார்த்தேன், சாவு வீடு என்பதால் நம் வாசலில் இந்த வருடம் கார்த்திகை அகல் வைக்கவில்லை. ஊர் முழுக்கக் கூட்டம், பஸ் எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், நம் தெருவரைக்கும் ஆட்கள் படுத்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் தண்ணீர் கலங்கியது. பத்தொன்பதாம் நாள் நத்தைகள் எல்லாம் மேலே ஏறி மூடிக்குக் கீழே ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டன. இருபத்தாறாம் நாள் இரண்டு விழுந்தன. வீட்டு வேலைக்கு வருகிற காசியம்மாள் தினமும் ஜன்னலைத் துடைக்கும்போது என்னைத் திட்டுவாள். 'இன்னா சார் நீங்க, அதுங்க வாயத் தெறந்துக்கினு நிக்குதுங்க, நீங்க நோட்டுல எழுதிக்கினு குந்தினு இருக்கறீங்க. அம்மா இருந்தா உங்கள இப்டி வுட்டுருப்பாங்களா' என்றாள். ஆறு வெள்ளிக்கிழமை வந்தது. ஆறு தடவையும் விளக்கு ஏற்றிக் கதவைத் திறந்துவிட்டு ஜாடிப் பக்கம் போய் நின்றேன். கத்தி கையிலேயே இருந்தது. திறக்கவில்லை. நாற்பத்து மூன்றாம் நாள், போன ஞாயிற்றுக்கிழமை காலையில், பாசி முழுவதும் கறுத்துக் கரைந்திருந்தது. ஐந்து நத்தையும் அடியில். மெழுகை உடைத்தபோது வந்த நாற்றத்தில் காசியம்மாள் வாசலுக்குப் போய்விட்டாள்.

ஒரு ஜாடி செத்ததால் எல்லா ஜாடியும் சாகும் என்று நான் சொல்லவில்லை. மண்ணைக் குறைத்து, நத்தை இல்லாமல், இன்னும் பெரிய பாத்திரத்தில் வைத்தால் வாழக்கூடும், வருடக்கணக்கில் வாழவும் கூடும். ஆனால் நீ சாட்சிக்குக் கூப்பிடுகிற ஜாடி இது, இது பொய்ச்சாட்சி. கொழுத்த எருவும் வண்டலும் நிறையப் போட்டோம், பயிர் நன்றாக வரும் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். மண்ணும் மூச்சு விடும் என்பது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எருக்குழியில் காலை வைத்தால் சுடுகிறதே, அது மண்ணுக்குள் இருக்கிற கோடி உயிர் காற்றைத் தின்கிற சூடு. நூறு பங்கில் இருபத்தொரு பங்கு இருக்க வேண்டிய பிராண வாயு பதினாலரைக்கு வந்துவிட்டது என்றாய். உங்கள் ஆறு பேருக்கு மட்டும் சாப்பாடு போடுவதாக நினைத்து மண்ணுக்கும் பந்தி வைத்துவிட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் வெளியே வந்து என்னைத் திருத்து.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்கிற முறை. ஜாடியைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டு நேராக சகாதேவனின் டெலிபோன் பூத்துக்கு வந்து உட்கார்ந்தேன். என் பழைய மாணவன்தான், எப்போது போனாலும் 'சார், செவ்வாய்க்குப் போறதுன்னா தம்பி நேரா போய்ட வேண்டியதுதானே, எதுக்கு அமெரிக்காவுல எறங்கி ரிகர்சல்' என்று கேட்பான். அன்று நீ பேசியதை ஸ்பீக்கரில் அவனும் கேட்டான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீ ஜாடியைச் சொன்னாய். உன் குரலில் அந்த ஒன்பது வயசு இருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஒரு மூச்சுக்கு நீ எத்தனை சொல் பேசுகிறாய் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு. சில சமயம் மூன்று. போனை வைத்ததும் சகாதேவன், 'தம்பி மாடிப்படி ஏறிக்கினே பேசறாரா சார்' என்று கேட்டான். உட்கார்ந்துதான் பேசினான் என்றேன். அதற்கப்புறம் அவன் தமாஷ் பேசவில்லை. உன் அம்மாவும் கடைசியில் நான்கு சொல்தான் பேசினாள், இளவரசா. ஒரே வருடத்தில் இரண்டு பேருடைய மூச்சை நான் எண்ண வேண்டாம்.

அம்மா சாவுக்கு நீ வரவில்லையே என்று உன் சித்தப்பா அருணகிரி இன்றுவரை பொருமிக்கொண்டிருக்கிறான். 'கதவத் தெறந்தா வந்துடலாம், பூட்டுகூட இல்லன்றான், அப்புறம் இன்னா கேடு அவனுக்கு' என்று காரியத்தன்று எல்லார் எதிரிலும் கேட்டான். கொள்ளி நானே வைத்தேன். அதை நீ சுமக்க வேண்டாம், அந்தக் கணக்கை நான் உன்மேல் எழுதவில்லை. அவளும் உன்னை அதற்காகக் கூப்பிடவில்லை. மூச்சு இருக்கும்போதே வெளியே வரச் சொன்னாள், அவ்வளவுதான். அந்தச் செய்தியை இரண்டு மாதத்துக்கு மேல் வைத்துக்கொண்டிருந்தது நான். சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்பது வாத்தியார் புத்தி என்று நினைத்துக்கொண்டேன், அது பாதிதான். என் ஜாடி பொய் என்று உன்னிடம் ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை, அது மீதிப் பாதி. நான் நோட்டில் நத்தையை எண்ணிக்கொண்டிருந்த நாற்பத்து மூன்று நாளும் நீ அங்கே காற்றுக் குறைந்த வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாய். உன்னோடு உள்ளே இருக்கிற அந்த வயதான டாக்டர் அம்மாள் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்று சொன்னாயே, அவருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியவன்.

இன்னொன்று. அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று நீ உள்ளே ஒரு அகலில் நீ ஆட்டிய கடலை எண்ணெயை ஊற்றி அம்மாவுக்கு விளக்கு ஏற்றப் பார்த்ததாகவும், மூன்று தடவை ஏற்றியும் சுடர் நிற்கவில்லை என்றும் சொன்னாய். திரி ஈரமாக இருந்திருக்கும் என்று நான் சொன்னேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும், அது திரி இல்லை. அடி அண்ணாமலையில் உன் மாமா கிணறு தூர் வாரியபோது பார்த்தாயே, தருமன் என்று ஒரு கிணற்று வேலைக்காரர், இறங்குவதற்கு முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி விட்டார். பாதிக் கிணறு போவதற்குள் அணைந்துவிட்டது. மாமா அவசரப்படுத்தினார். அதற்கு அவர், 'வெளக்கே வேணாம்னு மேல வந்துடுச்சி, நான் எதுக்கு மொதலாளி கீழ போவணும்' என்றார், எல்லோரும் சிரித்தோம். அப்புறம் வேப்பங்கிளையை வெட்டிக் கட்டி, கிணற்றுக்குள் இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, மேல்காற்றைக் கீழே தள்ளி, மறுபடி விளக்கை விட்டார். அடிவரைக்கும் எரிந்தது. அப்புறம்தான் இறங்கினார், வேலையை முடித்தார். வெளிக்காற்று விட்டதால் தருமன் தோற்றார் என்று யாரும் சொல்லவில்லை, கிணறும் கிணறுதான், தண்ணீரும் வந்தது.

நீ கையெழுத்துப் போட்டால் சோதனை தோற்றது என்று எழுதுவார்கள். எழுதட்டும், உண்மைதானே. தோற்றதைத் தோற்றது என்று எழுதாமல் விட்ட ஒரு ஜாடி என்ன செய்யும் என்று நம் வீட்டில் பார்த்துவிட்டோம். அங்கே நீ எப்படியாவது பல்லைக் கடித்து இரண்டு வருடத்தை முடித்து, இந்த வீடு தாங்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டாய் என்று வைத்துக்கொள், அதை நம்பி நாளைக்கு யாரோ பிள்ளை குட்டியோடு செவ்வாயில் போய் இறங்கிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மூடிக்கு வெளியே அவர்களுக்கு யாரும் இருக்கமாட்டார்கள். மெழுகைச் சுரண்டுவதற்கு உன் அம்மா மாதிரி ஒருத்தி அங்கே கிடையாது. அவர்களுக்காகத்தான் நீ உள்ளே போனாய், அவர்களுக்காகவே இது போதாது என்று இப்போது சொல்ல வேண்டியவன் நீ.

ஊர்ச் சமாச்சாரம் பெரிதாக எழுத இல்லை. பொங்கல் வைக்கவில்லை, காசியம்மாள் தன் வீட்டுப் பானையிலிருந்து கொண்டுவந்து வைத்தாள், வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. கொல்லை முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது, முட்டுக் கொடுத்திருக்கிறேன். என் தலைமாட்டில் இருந்த அம்மாவின் மாத்திரை டப்பாவை இன்னும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன், இது ஐந்தாவது. சகாதேவன் மெட்ராசுக்குப் போகிறான், இதை அவனே எடுத்துப் போய் விமானத் தபாலில் விரைவாகச் சேர்ப்பிப்பதாகச் சொல்லி வாசலில் நிற்கிறான். இப்போது மணி ஆறு. விளக்கு ஏற்றி வாசல் கதவைத் திறந்துவிட்டுத்தான் உட்கார்ந்து முடிக்கிறேன். ஜாடி கழுவி ஜன்னலில் இருக்கிறது, மூடியை எறிந்துவிட்டேன்.

உன் அம்மா இருந்த இடத்திலிருந்தும் என் இடத்திலிருந்தும் உனக்கும் உன்னோடு இருக்கிற ஐந்து பேருக்கும் நெடுநாள் மூச்சு வேண்டி ஆசீர்வதிக்கிறேன். நீ என்மேல் கோபப்படு, அதற்கு உனக்கு உரிமை உண்டு, ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோபப்படு. ஒன்றை மறக்காதே. காற்று விட்ட பிறகு அந்த அகலை எடுத்து அதே திரி, அதே எண்ணெயில் ஒரு தடவை ஏற்றிப் பார். சுடர் நின்று எரிந்ததும் சகாதேவன் கடைக்குப் போன் செய். வேறு எதுவும் சொல்ல வேண்டாம், விளக்கு நின்றது என்று மட்டும் சொல். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

என்றும் உன்,
அப்பா
அர்ஜுனன்